ஒட்டாம ஆறணும்

உக்காருங்கம்மா, உக்காருங்க. பையை நான் மடியில வச்சுக்கிடுதேன். நீங்க அந்தப் பக்கமாத்தான வந்தீக? டாக்டரம்மா ரூமுல இருக்காகளா, ஆபரேசன் தியேட்டருக்குள்ள போயிட்டாகளா? ரூமுலதானா? நல்லாப் பாத்தீகளா? சரி. அப்போ நேரம் இருக்கு.

அவுககிட்ட நாலு வார்த்தை சொல்லணும். அதுக்குத்தான் பாத்துப் பாத்து இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். இங்கன இருந்தா ரூமுக் கதவும் தெரியும், தியேட்டர் கதவும் தெரியும். என்னைத் தாண்டாம அவுக போக முடியாது. 'அந்த லூப்பு தானா விழல.' அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொல்லிட்டா என் வேலை முடிஞ்சிரும், நான் பாட்டுக்குக் கீழ போயி ஒரு காப்பி குடிச்சிட்டு வந்துருவேன்.

எனக்கு ஒண்ணுமில்ல. அறுபத்தெட்டு வயசுல எனக்கென்ன கர்ப்பப்பை ஆஸ்பத்திரியில வேலை? உள்ள படுத்திருக்கது எங்க பக்கத்து வீட்டுப் பிள்ளை, செண்பகவல்லி. இருபத்தொம்பது வயசு. புருசன் பொன்ராஜ், மில்லுல சூப்பர்வைசர். இப்போ கீழ மருந்துச் சீட்டை வச்சுக்கிட்டு வரிசையில நிக்கான். எங்க ஊருக்கு கயத்தாறு தாண்டி உள்ள போகணும். நான் அங்கன கிராம நர்ஸா இருந்தவ. முப்பத்திரண்டு வருசம். கிருபாவதி நர்ஸம்மா வீடுன்னு சொன்னா மினிபஸ்ஸுக்காரன் வாசல்ல நிறுத்தி இறக்கி விட்டுருவான். பெருமைக்குச் சொல்லல, உள்ளதைச் சொல்லுதேன்.

அந்தப் பிள்ளை பட்ட பாடு இருக்கே, சவத்த, பகையாளிக்குக்கூட வேண்டாம். கல்யாணமாகி ரெண்டு தடவை கரு தங்காமப் போச்சு. ரெண்டு தடவையும் சுத்தம் பண்ணி விட்டாக. எங்கயோ ஒரு ஆஸ்பத்திரி, எதுன்னு சொல்ல மாட்டேன். சுரண்டினவுக கொஞ்சம் அழுத்திச் சுரண்டிட்டாக போல. அதுக்கப்புறம் மாசா மாசம் வாரது குறைஞ்சு குறைஞ்சு, ஒரேயடியா நின்னு போச்சு. தேதி தவறாம வலி மட்டும் வரும். சுருண்டு படுத்துக்கிடுவா. அவ மாமியாக்காரி இருக்காளே, 'என்னட்டி, நல்ல சேதியா'ன்னு வாயெல்லாம் பல்லா கேப்பா. நாள் தள்ளிப் போச்சுன்னு அவளுக்கு நெனப்பு. இந்தப் பிள்ளை என்னத்தைச் சொல்லும்?

இந்த டாக்டரம்மாகிட்ட வந்தாக. கேமரா விட்டுப் பாத்தா, கர்ப்பப்பைக்குள்ள ரெண்டு செவுரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்கு. தழும்பு விழுந்து ஒட்டிருச்சு. பொங்கல் கழிச்சு அறுத்துப் பிரிச்சு விட்டாக. நல்லாத்தான் பண்ணினாக, அதை நான் குறை சொல்ல மாட்டேன். கைராசிக்காரிதான். ஆனா சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவகிட்டச் சொல்லணும்ல? மயக்கத்துல கெடந்தவளை விட்டுட்டு புருசன்கிட்ட சொல்லியிருக்காக. அவன் மண்டைய மண்டைய ஆட்டிட்டு, பேப்பரை வாங்கி பைக்குப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டான். பொம்பளை உடம்பு சமாச்சாரத்தைப் பொண்டாட்டிகிட்டப் பேச அவனுக்கு வெக்கமாம். வெக்கம்! மூஞ்சியப் பாரு.

அதுதான் இத்தனைக்கும் மூலம். அவன் அன்னைக்கு வாயைத் திறந்திருந்தா நான் இன்னைக்கு இங்க உக்காந்திருக்க மாட்டேன்.

இருங்க, அந்தா ஜன்னல் கண்ணாடிக்கிட்ட ஒரு பொம்பளை நிக்காளே, பச்சைச் சேலை, இடுப்புல கை வச்சுக்கிட்டு. உங்களுக்குத் தெரியுதா? தெரியுதுல்ல? அப்பாடா. அப்போ அது வேற யாரோ. ஒண்ணுமில்லம்மா, கண்ணு சில நேரம் அப்படித்தான்.

எங்க விட்டேன்? ஆங். ஆபரேசன் முடிஞ்சு இருபது நாளு இருக்கும். காலையில நான் துணி காயப் போட்டுக்கிட்டு இருக்கேன், மதிலுக்கு அந்தப் பக்கமா வந்து நிக்கா. "பெரியம்மா, குளிக்கையில உள்ள ஏதோ நூல் மாதிரி தட்டுது. பயமா இருக்கு. அத்தைகிட்டச் சொல்ல முடியாது. நீங்க கொஞ்சம் பாக்கீகளா?" எத்தனை நம்பிக்கை பாருங்க என் மேல. பெத்த அம்மாகிட்டக்கூடச் சொல்லல.

பழைய பெட்டியை எடுத்தேன். சாமானையெல்லாம் இருபது நிமிசம் நல்லாக் கொதிக்க வச்சேன். சுத்தத்துல என்னை ஒருத்தரும் ஒரு சொல் சொல்ல முடியாது. கட்டில்ல படுக்க வச்சு, டார்ச்சு அடிச்சுப் பாக்கேன். கறுப்பு நூல். ரெண்டு.

லூப்பு. பிள்ளை வேண்டாம்னு வைக்கிற லூப்பு. பிள்ளை வேணும்னு நகையை வித்து ஆபரேசனுக்கு வந்தவளுக்கு, அவளுக்கே தெரியாம!

உங்களுக்கு விளங்காது. அந்தக் காலத்துல நர்ஸா இருந்தவளுக்குத்தான் விளங்கும். மாசம் இத்தனை லூப்பு வைக்கணும்னு மேல இருந்து சொல்லுவாக. குறைஞ்சா மீட்டிங்குல எல்லாரு முன்னாலயும் எந்திரிச்சு நிக்கணும். கைப்பிள்ளைக்காரி நான், பாலு கட்டிக்கிட்டு, அப்படி நின்னிருக்கேன். அப்புறம் என்ன செய்வோம்? பிரசவம் பாத்த கையோட வச்சு விட்டுருவோம். அப்புறம் சொல்லிக்கிடலாம்னு நெனப்போம். எல்லாருக்கும் இல்ல. ஒண்ணு ரெண்டு பேருக்கு. நாலஞ்சு பேருக்கு.

முப்பிடாதின்னு ஒருத்தி. மொதப் பிரசவம், ஆம்பளப் பிள்ளை. வச்சு விட்டேன். சொல்லிக்கிடலாம்னு இருக்கதுக்குள்ள பிறந்த வீட்டுக்குப் போயிட்டா, எனக்கும் வேற சென்டருக்கு மாத்தலாகிருச்சு. அந்தப் பிள்ளை மூணு வயசுல மஞ்சக்காமாலையில போயிருச்சு. அடுத்தது வருமா வருமான்னு ஒன்பது வருசம் பாத்திருக்கா. எல்லாக் கோயிலுக்கும் போயிருக்கா. புருசன்காரன் இன்னொருத்தியைக் கூட்டிக்கிட்டு வந்துட்டான். எதுக்கோ வயித்தை எக்ஸ்ரே எடுத்தப்பதான் தெரிஞ்சிருக்கு.

தேடிக்கிட்டு வந்துட்டா என் சென்டருக்கு. பகல் பதினோரு மணி. வாசல்ல நிக்கா, இடுப்புல கை வச்சுக்கிட்டு. "நர்ஸக்கா, நீங்கதான வச்சது?"ன்னு கேட்டா. கோவமாக்கூடக் கேக்கல. எனக்கு ஞாபகம் இல்லைன்னு சொல்லிட்டேன். ஞாபகம் இருந்துச்சு. பிரசவத்தன்னைக்கு அவ கட்டியிருந்த சேலைகூட ஞாபகம் இருந்துச்சு. கொஞ்ச நேரம் நின்னா, போயிட்டா. இப்போ அவ உயிரோட இல்ல. ஆனா வருவா. பதினோரு மணிக்கு வருவா. நான் ரிட்டையர் ஆகி வீட்டுல இருந்தாலும் வாசல் கேட்டுக்கிட்ட வந்து நிப்பா. நான் ஞானஸ்நானம் எடுத்தவ, பேய் பிசாசை நம்புறவ இல்ல. அவ பேய்னு நான் சொல்லல. நிக்கான்னு மட்டும்தான் சொல்லுதேன்.

அதான். கட்டில்ல படுத்திருக்க செண்பகத்தைப் பாத்தா எனக்கு வேற யாரும் தெரியல, முப்பிடாதிதான் தெரிஞ்சா. அடிப்பாவிகளா, நான் செஞ்ச பாவத்தை இன்னும் செஞ்சுக்கிட்டா இருக்கீகன்னுதான் தோணுச்சு. அந்தப் பிள்ளை கேக்கா, "என்னது பெரியம்மா?" நான் சொன்னேன், "உனக்குப் பிள்ளை வரக் கூடாதுன்னு வச்சிருக்காளுக தாயி." "அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோமா பெரியம்மா? டாக்டருக்குப் போன் போடுவோமா?"ன்னா. "ஆம்பிளைகிட்ட என்னத்தைக் கேக்க? வச்சவளே ஒத்துக்கிடுவாளா? நான் ஒத்துக்கிட்டேனா?"ன்னு கேட்டேன். அவளுக்கு அது விளங்கல. பேசாமப் படுத்துக்கிட்டா. எடுக்கட்டுமான்னு நான் கேக்கல, அது உண்மைதான். ஆனா வேண்டாம்னு அவளும் சொல்லலல்ல?

இடுக்கியை வச்சு ஒரே இழுவை. ஒரு சத்தம் போட்டா, அவ்வளவுதான். கையில எடுத்துப் பாக்கேன், பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு இருக்கு. ரொம்பப் பழைய காலத்து லூப்பு. நான் வேலையில சேந்த புதுசுல பாத்தது. இப்போ எவ வைக்கா இதை? எல்லாம் காப்பர் டீ. அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும், இது வேற எதுக்கோ வச்சது போலன்னு. உறைக்கல. என்ன செய்ய? ஆத்திரம் கண்ணை மறைச்சிருச்சு. அடுப்புல போட்டுட்டேன்.

மாத்திரை ஒண்ணும் குடுத்திருந்தாக. அட்டையை வாங்கிப் படிச்சேன். நாங்க அந்தக் காலத்துல கருத்தடைக்குக் குடுத்த மாத்திரையில இருக்குமே, அதே சரக்கு. "இதையும் முழுங்காத"ன்னு சொல்லி வாங்கி வச்சுக்கிட்டேன்.

உள்ளதைச் சொல்லுதேன்மா. அன்னைக்கு மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்தேன், சாயங்காலம் வரைக்கும் முழிப்பே இல்ல. அத்தனை வருசத்துல அப்படித் தூங்கினதில்ல. அதுக்கப்புறம் ஒரு மாசம் கேட்டுக்கிட்ட யாரும் வந்து நிக்கல. பதினோரு மணிக்குப் போயிப் போயிப் பாப்பேன். தெருதான் கெடக்கும். கர்த்தர் என் கணக்கை நேர் பண்ணிட்டாருன்னு முழங்கால் போட்டு அழுதேன்.

அந்தா. அந்தா டாக்டரம்மா வாராக. இருங்க. வணக்கம் டாக்டரம்மா! ஆமா, இங்கனதான் இருக்கேன். ஆமா. சரிங்கம்மா. நல்லபடியாப் பண்ணுங்க.

போயிட்டாக.

வேகமாப் போறவுகளை எப்படிம்மா நிறுத்த? பாத்தீகள்ல, பக்கத்துல ஒரு சின்ன டாக்டர் வேற ஃபைலை நீட்டிக்கிட்டே போகுது. எல்லாரு முன்னாலயும் சொல்லுற விசயமா அது? பரவாயில்ல. இன்னும் மயக்க ஊசி போடணும், அது பிடிக்கணும், துணி மாத்தணும், கை கழுவணும். அதுக்கே அரைமணி ஆகும். எனக்குத் தெரியாததா? சிஸ்டர் யாராவது வெளிய வந்தா, டாக்டரம்மாவை ஒரு நிமிசம் கூப்பிடுங்கன்னு சொன்னாப் போதும். நேரம் இருக்கு.

பங்குனியில திரும்ப வரச் சொல்லியிருந்தாக. வந்தாக ரெண்டு பேரும். டாக்டரம்மா பாத்துட்டு, லூப்பைக் காணமேன்னு கேட்டிருக்காக. ஸ்கேன் எடுத்துப் பாத்தாலும் இல்ல. "தெரியாம விழுந்துருச்சா?"ன்னு கேட்டிருக்காக. இந்தப் பிள்ளை என்ன சொல்லணும்? எங்க நர்ஸ் பெரியம்மாதான் எடுத்தாகன்னு சொல்லணும்ல? சொல்லல. "விழுந்திருக்கும் மேடம், நான் கவனிக்கல"ன்னு சொல்லிருச்சு. என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு. அப்படிச் சொல்லச் சொல்லி நான் சொன்னேனா? நான் ஒரு வார்த்தை சொல்லல. அதுவாச் சொல்லிருச்சு.

கேமரா விட்டா, திரும்ப ஒட்டிருக்கு. மொதல்ல இருந்ததை விட மோசமா. மேல் பாதி பூராவும் அடைச்சுப் போச்சு.

மதிலுக்கு அந்தப் பக்கமா நின்னுக்கிட்டுத்தான் சொன்னா. "பெரியம்மா, அது பிள்ளை வராம இருக்க வச்சது இல்லையாம். ரெண்டு செவுரும் ஒட்டிக்கிடாம இருக்க நடுவுல வச்சதாம். மூணு மாசம் இருந்துட்டு அவுகளே எடுத்திருப்பாகளாம். அந்த மாத்திரையும் உள் சதை வளந்து புண்ணை மூடுறதுக்காம்." அவ்வளவுதான் சொன்னா. ஏன் எடுத்தீகன்னு கேக்கல. கேட்டிருந்தாத் தேவல. நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூட நான் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். அது பாட்டுக்குக் கொடியில கெடந்த பாவாடையை எடுத்துக்கிட்டு உள்ள போயிருச்சு. நான் ஈரத்துணியைப் பிடிச்சுக்கிட்டு அங்கனயே நின்னேன்.

எனக்குத் தெரியாதாம்மா? தீப்பெட்டி ஆபீசு பத்தி எரிஞ்சப்ப எத்தனை பேருக்கு நான் கட்டுப் போட்டிருக்கேன். வெந்த கையை மொத்தமாச் சேத்துக் கட்டக் கூடாது. விரலுக்கு விரல் நடுவுல துணி வச்சுத் தனித்தனியாச் சுத்தணும். இல்லேன்னா ஆறுறப்ப விரலெல்லாம் ஒண்ணா ஒட்டிக்கிடும். புதுசா வாரவளுகளுக்கு 'ஒட்டாம ஆறணும், ஒட்டாம ஆறணும்'னு நானே சொல்லிக் குடுத்திருக்கேன். கைக்குத் தெரிஞ்சது கர்ப்பப்பைக்குத் தோணல பாருங்க.

அன்னைக்குப் பதினோரு மணிக்கு முப்பிடாதி கேட்டுக்கிட்ட வந்து நின்னா. ஒரு மாசம் எங்க போயிருந்தாளோ. இப்போ கேட்டுக்கு உள்ள வந்து நிக்கா. சில நாளு மதிலோரத்துல, செண்பகம் நிக்கிற இடத்துல நிக்கா. நான் பகல்ல வெளியில துணி காயப் போடுறதையே விட்டுட்டேன். வீட்டுக்குள்ளதான் கொடி.

அந்தப் பிள்ளைக்கு வீட்டுல என்ன பேச்சுங்கிறீக! "உன் உடம்புல இருந்து ஒண்ணு விழுந்தது உனக்கே தெரியாதா?"ன்னு பொன்ராஜ் கேக்கான். மாமியாக்காரி ஒரு படி மேல போயி, "இவளுக்கே பிள்ளை பெத்துக்கிட மனசில்ல, இவளே பிச்சுப் போட்டிருப்பா"ன்னு தெருவுல நின்னு பேசுதா. என் காதுபடப் பேசுதா. செண்பகம் வாயைத் திறக்கல. போயிச் சொல்லிரலாமான்னு செருப்பை மாட்டுவேன். வாசல் வரைக்கும் போவேன். அப்புறம், ஆறின பிறகு சொல்லிக்கிடலாம், இப்போ போனா எண்ணெய ஊத்தின மாதிரி ஆயிரும்னு திரும்பி வந்துருவேன். நல்லதுக்குத்தான் வந்தேன். நீங்களா இருந்தா என்ன செய்வீக?

இன்னைக்குக் காலையில பஸ்ஸுல, பொன்ராஜ் முன் சீட்டுல. நானும் அவளும் பின்னால. என் கையை எடுத்து அவ மடியில வச்சுக்கிட்டா. மெதுவாச் சொல்லுதா. "பெரியம்மா, இதுதான் கடைசித் தடவையாம். இதுக்கு மேல கத்தி வச்சா இருக்கிற சதையும் போயிருமாம். என் கர்ப்பப்பையில லூப்பு நிக்காதுன்னு டாக்டர் எழுதி வச்சிருக்காக. தானா விழுந்துச்சுன்னு நான் சொன்னேன்ல, அதான். அதனால இந்தத் தடவை லூப்பு வைக்க மாட்டாகளாம், ஏதோ ஜெல்லு போடுவாகளாம். அது ஒரு வாரத்துல கரைஞ்சிருமாம். எனக்கு ரொம்ப மோசமா ஒட்டியிருக்கதால லூப்பு நின்னாத்தான் நல்லதாம், ஆனா நிக்காதேன்னு சொல்லுதாக. நான் இப்போ மாத்திச் சொன்னா இவரு என்னை உயிரோட விட மாட்டாரு. நீங்க நர்ஸ். நீங்க சொன்னா டாக்டர் புரிஞ்சுக்கிடுவாக. நீங்கதான் எடுத்தீகன்னுகூடச் சொல்ல வேண்டாம் பெரியம்மா. தானா விழல, யாரோ தெரியாம எடுத்துட்டாகன்னு மட்டும் சொல்லிருங்க. நான் மயங்குறதுக்குள்ள சொல்லிருங்க."

சொல்லுதேன் தாயின்னேன். சொல்லாம இருப்பேனா? அதுக்குத்தான வந்திருக்கேன்.

எட்டரை மணிக்கு டாக்டரம்மா எங்களை ரூமுக்குள்ள கூப்பிட்டாக. பேப்பர்ல படம் போட்டுக் காட்டினாக. சரி, இப்போ சொல்லிருவோம்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள இந்தப் பொன்ராஜ் பய, "மேடம், இவுக எங்க பெரியம்மா, கவர்மெண்ட் நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவுக, இவுக இல்லேன்னா இவளை யாரு பாப்பா"ன்னு ஆரம்பிச்சுட்டான். டாக்டரம்மா எந்திரிச்சு என் கையைப் பிடிச்சுக்கிட்டாக. சின்னப் பொண்ணும்மா, என் மகளை விடச் சின்னது. "உங்க தலைமுறை நர்ஸுகதான் எங்களுக்கெல்லாம் வழி போட்டுக் குடுத்தது. உங்களை மாதிரி ஒருத்தர் பக்கத்து வீட்டுல இருக்கது இந்தப் பொண்ணோட அதிர்ஷ்டம்"னு சொன்னாக. முப்பத்திரண்டு வருசத்துல ஒரு டாக்டர் என் கையைப் பிடிச்சதில்ல. மீட்டிங்குல நிக்க வச்சாளுக, திட்டினாளுக, டீ வாங்கிட்டு வரச் சொன்னாளுக. ஒருத்தி அப்படிச் சொன்னதில்ல. அதைக் கேட்ட பிறகு எப்படிம்மா அந்த வாயால சொல்ல? செண்பகம் என்னையே பாக்கா. நான் படத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன். வெளிய வந்ததும், "கூட்டமா இருந்துச்சுல்ல தாயி, தனியாப் பிடிச்சுச் சொல்லுதேன், நீ தைரியமாப் போ"ன்னேன். சரி பெரியம்மான்னு போச்சு. போகையில திரும்பிப் பாத்துக்கிட்டே போச்சு.

இந்தா, இப்போ போறேன். சிஸ்டர் வெளிய வரட்டும்.

இருங்க, கதவு திறக்குது. சிஸ்டர்! சிஸ்டர், செண்பகவல்லிக்கு இன்னும் ஆரம்பிக்கலல்ல? என்னது? முடிஞ்சிருச்சா? இப்பத்தானம்மா டாக்டரம்மா உள்ள போனாக! முக்கால் மணி நேரமா ஆச்சு? இல்ல, நான் பேசிக்கிட்டு இருந்துட்டேன். நல்லாப் பிரிச்சு விட்டுட்டாகளா? ரொம்பச் சந்தோசம். உள்ள என்ன வச்சிருக்கு சிஸ்டர்? ஜெல்லு மட்டுமா? லூப்பு இல்லையா? ஆமா, ஆமா. நிக்காதுன்னு எழுதியிருக்கும். சரிம்மா. சரி.

கேட்டீகளா, ஜெல்லுதானாம்.

பரவாயில்ல. எத்தனையோ பேருக்கு ஜெல்லுலயே சரியாகியிருக்கும். இப்போ போயிச் சொன்னாக்கூடத் திரும்ப உள்ள கொண்டு போயி வச்சிரலாம், அஞ்சு நிமிச வேலை. இன்னைக்கு வச்சாத்தான் உண்டு, ரெண்டு மூணு நாள்ல ஒட்ட ஆரம்பிச்சிரும். ஆனா டாக்டரம்மா களைச்சுப் போயி வருவாக. இந்த நேரத்துல போயி நின்னா என்ன நெனப்பாக? சாயங்காலம் ரவுண்ட்ஸ் வருவாகள்ல, அப்போ பாத்துக்கிடலாம். இல்லேன்னா நாளைக்கு டிஸ்சார்ஜ் அப்போ.

ஸ்ட்ரெச்சர் வருதே. செண்பகந்தான். தாயி, செண்பகம்! பெரியம்மாதான். இங்கனதான் இருக்கேன், எங்கயும் போகல. வலிக்கா? பேசாதட்டி, உதடெல்லாம் காஞ்சு கெடக்கு. என்ன? என்ன கேக்க?

சொல்லிட்டேன் தாயி. எல்லாம் சொல்லிட்டேன். நீ கண்ணை மூடிக்கோ.

கூட்டிட்டுப் போங்க தம்பி, ஆடாமக் கொண்டு போங்க. நான் பின்னால வாரேன்.

பாத்தீகளா, சிரிச்சிருச்சு. கண்ணோரத்துல தண்ணியோட சிரிச்சிருச்சு. அந்த நேரத்துல வேற என்னம்மா சொல்ல முடியும்? பச்சை உடம்புக்காரிகிட்ட இல்லைன்னா சொல்லுவாக?

என்ன எந்திரிச்சுட்டீக? பாத்ரூம் அந்தப் பக்கம் இல்லம்மா, இந்த மாடிப்படிக்குக் கீழ. அது டாக்டரம்மா ரூமு, இப்பத்தான ஸ்ட்ரெச்சருக்குப் பின்னாலயே வந்து உள்ள போனாக. யம்மா, உங்களைத்தான். அங்க போயி நீங்க என்ன சொல்லப் போறீக? நீங்க யாரு இதுல? நான்தான் சொல்லுதேன்னு சொன்னேன்ல. நான்தான எடுத்தது, நான்தான சொல்லணும்.

நில்லுங்கம்மா. கதவைத் தட்டிராதீக. நானும் வாரேன். இம்புட்டு நேரம் உக்காந்துட்டேனா, முட்டி பிடிச்சுக்கிட்டு எந்திரிக்க விடல. கொஞ்சம் இங்க வந்து, கை குடுங்க.